ருடால்ஃப் டீசல்

ருடால்ஃப் டீசல் (மார்ச் 18, 1858 – செப்டம்பர் 29, 1913) ஜெர்மானிய இயந்திரப் பொறியாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். தீப்பொறி எதுவும் இன்றி, காற்றை அமுக்குவதால் எழும் வெப்பத்தைக் கொண்டே எரிபொருளைப் பற்றவைக்கும் உள் எரி பொறியை உருவாக்கியவர் இவர். அப்பொறி டீசல் பொறி எனவும், அதில் எரிக்கப்படும் எண்ணெய் டீசல் எனவும் இவர் பெயராலேயே வழங்கப்படுகின்றன. உலகில் நாள்தோறும் உச்சரிக்கப்படும் பெயராக இருந்தும், அது ஒரு மனிதரின் பெயர் என்பதைப் பலர் அறியார்.

டீசல் பொறியின் சிறப்பும் குறையும் ஒரே இடத்தில் தோன்றுபவை. வெப்பமே அதன் தீக்குச்சி. அவ்வெப்பம் போதாத குளிர்ந்த காலையில் பொறி கிளம்ப மறுக்கிறது. கிளம்பினாலும் வெண்புகை கக்குகிறது. டீசல் தம் சோதனைக்கூடத்தில் எதிர்கொண்ட இச்சிக்கலைச் சாலை வாகனங்களில் தீர்த்தவர்கள் அவருக்குப் பின் வந்த பொறியாளர்கள் ஆவர். பழைய டீசல் வண்டிகளைப் பழுதுபார்ப்போர் இன்றும் இதனை எதிர்கொள்கின்றனர்.

இளமைக்காலம்

டீசல் பிரான்சுத் தலைநகர் பாரிசில் பிறந்தார். தந்தை தியோடர் டீசல், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்து குடியேறிய நூற்கட்டுத் தொழிலாளி. பின்னர் தோல் பொருட்கள் செய்து விற்றார். தாய் எலிஸ், நியூரம்பர்க் நகர வணிகர் ஒருவரின் மகள். மூன்று குழந்தைகளில் ருடால்ஃப் இரண்டாமவர். குடும்பம் வசதியானது அன்று.

1870 இல் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போர் மூண்டபோது, பாரிசில் வாழ்ந்த ஜெர்மானியர்கள் வெளியேற நேர்ந்தது. டீசல் குடும்பம் இலண்டன் சென்றது. போர் முடியும் முன்னரே, பன்னிரண்டு வயதான ருடால்ஃபைத் தாய் ஆக்ஸ்பர்க்கில் இருந்த உறவினரிடம் அனுப்பினார். சிறுவனை ஏற்றுக்கொண்ட கிறிஸ்டாப் பார்னிக்கல், அந்நகரத் தொழிற்பள்ளியில் கணித ஆசிரியராக இருந்தவர். அவரது பொறுப்பில் அதே பள்ளியில் பயின்ற ருடால்ஃப், தாம் பொறியாளராகப் போவதாகப் பதினான்காம் வயதிலேயே பெற்றோருக்கு எழுதினார். 1873 இல் பள்ளிப் படிப்பை முதல் மாணவராக முடித்தார்.

கல்வி

மகன் விரைவில் வேலைக்குச் சென்று பொருளீட்ட வேண்டும் என்பதே பெற்றோரின் விருப்பம். அதற்கு மாறாக, 1875 இல் உதவித்தொகை பெற்று முனிச் நகரின் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு இவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் குளிர்பதனத் துறையின் முன்னோடியான கார்ல் வான் லிண்டே. நீராவிப் பொறி தனக்கு ஊட்டப்படும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கை அல்லது அதற்கும் குறைவாகவே பயனுள்ள வேலையாக மாற்றுகிறது என்பதை லிண்டேயின் வகுப்புகளில் டீசல் அறிந்தார். எஞ்சிய பெரும்பகுதி வீணாவதைத் தடுக்க இயலுமா என்ற கேள்வி அன்று முதல் அவரை விட்டு நீங்கவில்லை.

1879 இல் குடற்காய்ச்சல் கண்டதால் உடன் பயின்றோருடன் தேர்வு எழுத முடியாமற் போயிற்று. அடுத்த தேர்வுக்குக் காத்திருந்த மாதங்களில் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் சுல்சர் நிறுவனப் பட்டறையில் கைவேலை பழகினார். 1880 சனவரியில் மிகச் சிறந்த மதிப்பெண்களுடன் பட்டம் பெற்றார்.

காற்றை அமுக்கித் தீ உண்டாக்கும் சிறு கருவியே டீசலின் சிந்தனையைத் தூண்டியது என்று சொல்லப்படுவதுண்டு. ஒருமுனை மூடிய குழலுக்குள் தண்டு ஒன்றை வேகமாக அழுத்தினால், உள்ளே சிறைப்பட்ட காற்று சூடேறி, தண்டின் நுனியில் வைத்த பஞ்சு பற்றிக்கொள்ளும். மலாய் நாடு உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதிகளில் மக்கள் நெடுங்காலமாகத் தீ மூட்ட இதனைப் பயன்படுத்தி வந்தனர். டீசல் பொறியின் அடிப்படைத் தத்துவம் இதுவேயாகும்.

பனிக்கட்டி ஆலையிலிருந்து வெப்பப் பொறிக்கு

பட்டம் பெற்றபின் பாரிசுக்குத் திரும்பிய டீசல், லிண்டேயின் பனிக்கட்டி ஆலையை அமைக்கும் பணியில் ஈடுபட்டு, ஓராண்டில் அதன் இயக்குநரானார். 1881 இல் கண்ணாடிப் புட்டிகளில் பனிக்கட்டி உறைய வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1883 இல் மார்த்தா பிளாஷே என்பவரை மணந்தார். இவர்களுக்கு ருடால்ஃப், ஹெட்டி, ஆய்கன் என மூன்று குழந்தைகள் பிறந்தனர். 1890 இல் குடும்பம் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தது.

பணி நேரம் போக எஞ்சிய நேரத்தில், நீராவிக்கு மாற்றாக அம்மோனியா ஆவியால் இயங்கும் பொறியை உருவாக்கப் பல ஆண்டுகள் முயன்றார். அம்முயற்சி வெற்றி பெறவில்லை. எனினும் உயர் அழுத்தத்தில் வாயுக்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதை அதன் வழியே நன்கு அறிந்துகொண்டார். ஆவியைக் கைவிட்டு, காற்றையே உயர் அழுத்தத்துக்கு அமுக்கி, அதனுள் எரிபொருளைச் சிறுகச் சிறுகச் செலுத்தும் எண்ணம் இக்காலத்தில் உருப்பெற்றது.

காப்புரிமையும் கோட்பாட்டுப் பிழையும்

1892 பிப்ரவரியில் டீசல் தம் பொறிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். 67207 என்ற எண்ணுடைய அந்த ஜெர்மானியக் காப்புரிமை அடுத்த ஆண்டு வழங்கப்பட்டது. 1893 இல் தம் கோட்பாட்டை விளக்கும் நூலையும் வெளியிட்டார். அதன் துணைகொண்டு ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையின் தலைவர் ஹைன்ரிக் புட்ஸ், எஸ்சன் நகரின் குருப் நிறுவனம் ஆகியோரின் ஆதரவைப் பெற்றார்.

நூலில் கூறியவாறு பொறியைக் கட்டியிருந்தால் அது ஓடியிருக்காது. எரிதல் நிகழும்போது வெப்பநிலை மாறாமல் இருக்க வேண்டும் என்றும், அதற்குக் காற்றை ஏறத்தாழ 250 வளிமண்டல அழுத்தம் வரை அமுக்க வேண்டும் என்றும் முதலில் கணித்திருந்தார். அவ்வளவு அமுக்கத்துக்குச் செலவாகும் வேலை, கிடைக்கும் வேலையைப் பெரிதும் விழுங்கிவிடும். இப்பிழையை 1893 இலேயே உணர்ந்து, மாறா வெப்பநிலைக்குப் பதிலாக ஏறத்தாழ மாறா அழுத்தத்தில் எரியும் முறைக்கு மாறினார். அமுக்கத்தையும் சுமார் 30 முதல் 35 வளிமண்டலம் வரை குறைத்துக்கொண்டார். காப்புரிமையில் எழுதியதும் பின்னர் கட்டப்பட்டதும் ஒன்றல்ல என்ற குற்றச்சாட்டு, வாழ்நாள் இறுதிவரை அவரைத் தொடர்ந்தது.

ஆக்ஸ்பர்க் சோதனைகள்

முதல் சோதனைப் பொறி 1893 இல் ஆக்ஸ்பர்க்கில் கட்டப்பட்டது. அதற்குத் தானாகச் சுழலும் ஆற்றல் இல்லை. பட்டறையின் சுழல்தண்டிலிருந்து வார்ப்பட்டை மூலம் அதைச் சுழற்றினர். ஆகஸ்ட் 10, 1893 அன்று சூடேறிய காற்றுக்குள் எரிபொருள் செலுத்தப்பட்டது. அது பற்றிய வேகத்தில் அழுத்தம் எதிர்பாராத அளவுக்கு உயர்ந்து, அழுத்தமானி வெடித்துச் சிதறியது. பொறி ஓடவில்லை, எனினும் அமுக்கத்தால் மட்டுமே எரிபொருளைப் பற்றவைக்க இயலும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

பிப்ரவரி 17, 1894 அன்று பொறி முதன்முறையாகத் தன் ஆற்றலில் ஓடியது. நிமிடத்துக்கு 88 சுற்றுகள் வீதம் ஏறத்தாழ ஒரு நிமிடமே அது நீடித்தது. அதுவரை பொறியை இழுத்துக்கொண்டிருந்த வார்ப்பட்டையை இப்போது பொறி இழுக்கத் தொடங்கியதை முதலில் கவனித்தவர் அருகில் நின்ற தொழிலாளி ஒருவர். அவர் ஒன்றும் பேசாமல் தம் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார் எனப் பதிவு செய்யப்பட்டுள்ளது.

பின் வந்த மூன்றாண்டுகளில் எரிபொருளைத் தெளிக்கும் முறையே பெரும் தடையாக இருந்தது. எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறினால்தான் உடனே பற்றும். அக்காலத்தில் அதற்கேற்ற பம்ப் இல்லாமையால், உயர் அழுத்தக் காற்றைக் கொண்டு எண்ணெயை உருளைக்குள் (சிலிண்டர்) ஊதும் முறையை டீசல் கையாண்டார். இதற்கென ஒரு காற்றமுக்கியும் காற்றுக் கலன்களும் தேவைப்பட்டன. பொறியைக் கிளப்பவும் கலனில் சேமித்த காற்றே பயன்பட்டது. ஆகவே பொறி உயரமாகவும் கனமாகவும் அமைந்தது.

பிப்ரவரி 17, 1897 அன்று பேராசிரியர் மோரிட்ஸ் ஷுரோட்டர் பொறியை முறைப்படி சோதித்தார். சுமார் 18 குதிரைத்திறன் கொண்ட அப்பொறியின் வெப்பப் பயனுறுதிறன் 26.2 விழுக்காடு என அளவிடப்பட்டது. அன்றைய நீராவிப் பொறிகளை விட அது இரண்டு மடங்குக்கும் மேலானதாகும். 1897 ஆம் ஆண்டுப் பொறி முனிச் நகரின் ஜெர்மன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

செல்வமும் சிக்கல்களும்

வெற்றிக்குப் பின் உரிமங்கள் விரைந்து விற்பனையாயின. அமெரிக்க மதுபான ஆலை அதிபர் அடால்ஃபஸ் புஷ் அந்நாட்டுக்கான உரிமையை வாங்கினார். உருசியாவில் எம்மானுவேல் நோபல் உரிமம் பெற்றார். 1898 இல் நிறுவப்பட்ட டீசல் பொறிகளுக்கான பொது நிறுவனம், அவரது உரிமைகளை 35 இலட்சம் மார்க்குக்கு ஏற்றுக்கொண்டது. வாடகை வீட்டில் வளர்ந்தவர் நாற்பது வயதில் செல்வந்தரானார்.

ஆனால் உரிமம் பெற்றோர் கட்டிய தொடக்ககாலப் பொறிகள் அடிக்கடி பழுதாயின. புகார்கள் குவிந்தன. டீசலின் உடல்நலம் குன்றி, ஓய்வில்லத்தில் தங்கிச் சிகிச்சை பெற நேர்ந்தது. ஆக்ஸ்பர்க்கில் அவர் பெயரில் தொடங்கிய தொழிற்சாலை நிலைக்கவில்லை. முனிச்சில் கட்டிய மாளிகையும், நிலம், எண்ணெய்க் கிணறு ஆகியவற்றில் செய்த முதலீடுகளும் செல்வத்தைக் கரைத்தன.

பொறியின் புகழோ வளர்ந்துகொண்டே சென்றது. 1900 ஆம் ஆண்டு பாரிசு உலகக் கண்காட்சியில் அது உயரிய பரிசு பெற்றது. அங்கு வைக்கப்பட்ட ஒரு சிறு டீசல் பொறி நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது குறிப்பிடத்தக்கது. 1903 இல் வோல்கா ஆற்றில் இயங்கிய வாண்டல் என்ற எண்ணெய்க் கப்பலில் டீசல் பொறி பொருத்தப்பட்டது. 1912 இல் டென்மார்க்கின் செலாண்டியா கப்பல் டீசல் ஆற்றலில் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் வரை சென்றது.

நீராவிப் பொறி பெருமுதலாளிகளுக்கே கட்டுப்படியாவது என்றும், சிறு பொறி ஒன்று கிடைத்தால் கைவினைஞரும் சிறு பட்டறைக்காரரும் தம் ஊரிலேயே தொழில் நடத்தலாம் என்றும் டீசல் நம்பினார். தொழிலாளர் கூட்டுறவை வலியுறுத்தி 1903 இல் சாலிடாரிஸ்முஸ் என்னும் நூலை எழுதினார். அது மிகக் குறைவாகவே விற்றது. சரக்குந்துக்கு ஏற்ற சிறு பொறியை 1908 அளவில் அவர் சோதித்தும், அது சந்தைக்கு வரும் நிலையை எட்டவில்லை.

மறைவு

1912 நவம்பரில் பெர்லினில் கப்பல் கட்டும் பொறியாளர்கள் முன்னிலையில் தம் பொறியின் வரலாற்றை டீசல் எடுத்துரைத்தபோது, பேராசிரியர்கள் சிலர் அவரது முன்னுரிமையைக் கடுமையாக மறுத்தனர். ஆங்கிலேயரான ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் 1890 இலேயே எண்ணெய்ப் பொறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் அக்ராய்டின் பொறியைக் கிளப்பும் முன், அதன் தலைப்பகுதியில் இருந்த குமிழை ஊதுவிளக்கின் சுடரால் சூடாக்க வேண்டும். வெளியிலிருந்து சூடேற்றாமல் அமுக்கத்தாலேயே தீப்பற்ற வைத்தது டீசலின் தனிச்சிறப்பாகும்.

செப்டம்பர் 29, 1913 அன்று பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்னும் கப்பலில் ஏறி, இங்கிலாந்தின் ஹார்விச் நோக்கிப் புறப்பட்டார். இலண்டனில் நிறுவனக் கூட்டம் ஒன்றில் கலந்துகொள்வது பயணத்தின் நோக்கம். இரவு உணவுக்குப் பின், காலை 6.15 மணிக்கு எழுப்புமாறு சொல்லிவிட்டு அறைக்குச் சென்றார். காலையில் அறை காலியாக இருந்தது. படுக்கை கலையவில்லை. தொப்பியும் மேலங்கியும் பின்தளத்துக் கைப்பிடியின் அடியில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. பத்து நாட்களுக்குப் பின் டச்சுப் படகு ஒன்று கடலில் மிதந்த உடலைக் கண்டது. சிதைந்திருந்தமையால் உடலைக் கடலிலேயே விட்டுவிட்டு, சட்டைப்பையில் இருந்த பொருட்களை மட்டும் எடுத்து வந்தனர். அவை தந்தையுடையவை என மகன் ஆய்கன் அடையாளம் காட்டினார்.

பயணத்துக்கு முன் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்து, அடுத்த வாரம் வரை திறக்க வேண்டாம் எனக் கூறியிருந்தார். அதில் 20,000 மார்க் பணமும், வங்கிக் கணக்குகள் வெறுமையாகிவிட்டதைக் காட்டும் தாள்களும் இருந்தன. அவரது நாட்குறிப்பில் அன்றைய தேதியில் சிலுவைக் குறி ஒன்று இடப்பட்டிருந்தது. கடன் சுமையால் தற்கொலை செய்துகொண்டார் என்பதே பரவலான கருத்து. கொலை எனக் கூறுவோரும் உளர். அதற்கு உறுதியான சான்று இல்லை.

டீசலுக்குப் பின்: சாலை வாகனமும் ஹீட்டர் பிளக்கும்

டீசல் பொறி சாலைக்கு வர இரண்டு மாற்றங்கள் தேவைப்பட்டன. முதலாவது, காற்றமுக்கி இல்லாமல் எண்ணெயை நேரடியாகப் பீய்ச்சும் பம்ப். ராபர்ட் பாஷ் நிறுவனம் 1927 இல் அத்தகைய பம்பைப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. இரண்டாவது, முன்னறை. பென்ஸ் நிறுவனப் பொறியாளர் புரோஸ்பர் லோரஞ்ச் 1909 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். உருளையின் தலையில் உள்ள சிறு அறைக்குள் எண்ணெய் பீய்ச்சப்பட்டு, அங்கு பாதி எரிந்து, பின் பெரும் வேகத்தில் உருளைக்குள் பாய்ந்து முழுதும் எரியும். இதனால் குறைந்த அழுத்தத்திலேயே எண்ணெயைப் பீய்ச்ச முடிந்தது. பொறியும் மென்மையாக ஓடியது.

முன்னறைக்கு ஒரு குறை உண்டு. அதன் சுவர்ப்பரப்பு அதிகம். பொறி குளிர்ந்திருக்கையில் அமுக்கத்தால் எழும் வெப்பத்தைச் சுவர்களே உறிஞ்சிவிடுகின்றன. இக்குறையைப் போக்க, மின்சாரத்தால் செந்நிறமாகப் பழுக்கும் சிறு கம்பியை முன்னறைக்குள் நீட்டினர். அதுவே குளோ பிளக். தமிழகப் பட்டறைகளில் இதனை ஹீட்டர் பிளக் என்பர். அக்ராய்டின் ஊதுவிளக்கு செய்த வேலையை மின்கம்பி ஏற்றுக்கொண்டது எனலாம். 1923, 1924 ஆம் ஆண்டுகளில் பென்ஸ், மான் நிறுவனங்களின் டீசல் சரக்குந்துகள் வெளிவந்தன. 1936 இல் மெர்சிடிஸ் பென்ஸ் 260டி மகிழுந்து அறிமுகமானது.

பெட்ரோல் பொறியின் ஸ்பார்க் பிளக் ஒவ்வொரு சுழற்சியிலும் வேலை செய்யும். ஹீட்டர் பிளக் அவ்வாறன்று. பொறி கிளம்பும் வரையும், சில வண்டிகளில் கிளம்பிய பின் சிறிது நேரமும் மட்டுமே அது தேவை. பொறி சூடேறிய பின் டீசல் வகுத்த அமுக்க வெப்பமே போதுமானதாகும்.

குளிர்நிலைத் தொடக்கமும் புகையும்

அமுக்க விகிதம் 20 கொண்ட பொறியில், வெப்ப இழப்பே இல்லை எனக் கொண்டால், காற்றின் வெப்பநிலை 600 பாகை செல்சியசைத் தாண்ட வேண்டும். டீசல் எண்ணெய் தானே தீப்பற்ற ஏறத்தாழ 250 பாகை போதும். ஆயினும் ஸ்டார்ட்டர் மோட்டார் பொறியை மெதுவாகச் சுழற்றும்போது காற்று பிஸ்டன் வளையங்களின் இடுக்கில் கசிகிறது. குளிர்ந்த உலோகம் வெப்பத்தை ஈர்க்கிறது. பொறி பழையதாக ஆக இவ்விழப்பு கூடுகிறது. வெப்பம் எல்லைக்குக் கீழ் இறங்கினால் எண்ணெய் எரியாமல் ஆவியாக வெளியேறும். காலையில் புகைபோக்கியில் காணும் வெண்புகை இதுவே.

புகையின் நிறத்தைக் கொண்டு பழுதை ஓரளவு ஊகிக்கலாம்:

* வெண்புகை, டீசல் வாடையுடன், ஓரிரு நிமிடங்களில் மறைந்தால்: ஹீட்டர் பிளக் அல்லது அதன் மின்சுற்றில் பழுது இருக்கக்கூடும்.
* வெண்புகை பொறி சூடேறிய பின்னும் நீடித்து, ரேடியேட்டர் நீரும் குறைந்து வந்தால்: ஹெட் கேஸ்கட் வழியாக நீர் உருளைக்குள் கசிகிறது எனக் கொள்ளலாம்.
* நீலப்புகை: மசகு எண்ணெய் எரிகிறது. பிஸ்டன் வளையங்களோ வால்வுப் பகுதியோ தேய்ந்திருக்கும்.
* கரும்புகை: எண்ணெய் மிகுதி அல்லது காற்றுப் பற்றாக்குறை. காற்று வடிகட்டியும் இன்ஜெக்டரும் முதலில் பார்க்கத்தக்கவை.
* சுழற்றும்போது புகையே வராவிட்டால்: எண்ணெய் உருளையைச் சென்றடையவில்லை. குழாயில் காற்று புகுந்திருக்கலாம்; எண்ணெயை நிறுத்தும் சொலினாய்டு திறவாமல் இருக்கலாம்.

ஹீட்டர் பிளக்கைச் சோதிப்பது எளிது. முதலில் பேட்டரியின் வலிமையையும் ஸ்டார்ட்டர் சுழலும் வேகத்தையும் உறுதி செய்ய வேண்டும். மெதுவாகச் சுழலும் பொறிக்கு எத்தனை நல்ல பிளக் இருந்தும் பயனில்லை. அடுத்து, சாவியைத் திருப்பியதும் பிளக்குகளுக்கு மின்சாரம் வருகிறதா எனச் சோதனை விளக்கால் பார்க்க வேண்டும். வரவில்லையெனில் ஃபியூஸ், ரிலே, நேரக்கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவற்றை நோக்க வேண்டும். வந்தால், பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றி, ஒவ்வொன்றின் மின்தடையையும் தனித்தனியே அளக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள 12 வோல்ட் பிளக் பெரும்பாலும் ஓரிரு ஓம் அளவுக்குள்ளேயே காட்டும். முடிவிலாத் தடை காட்டினால் கம்பி அறுந்துவிட்டது எனப் பொருள். தகட்டைக் கழற்றாமல் அளந்தால், நல்ல பிளக் பழுதானதை மறைத்துவிடும்.

மிகப் பழைய வண்டிகளில் பிளக்குகள் தொடரிணைப்பில் அமைந்திருக்கும். அவற்றில் ஒன்று அறுந்தால் அனைத்தும் அணைந்துவிடும். பிந்தைய வண்டிகள் பக்க இணைப்பு கொண்டவை. அவற்றில் ஒன்று பழுதானால் அந்த உருளை மட்டுமே எரியாமல், பொறி குலுங்கிக்கொண்டு புகைவிடும். சில வகைப் பிளக்குகள் 12 வோல்ட்டுக்கும் குறைவான அழுத்தத்துக்கு ஆனவை. அவற்றை நேராகப் பேட்டரியில் இணைத்துச் சோதித்தால் எரிந்துபோகும். பிளக்கின் நுனி உருகியோ தேய்ந்தோ காணப்பட்டால், புதிய பிளக் போடுவதோடு நிறுத்தாமல் இன்ஜெக்டரின் தெளிப்பையும் சோதிக்க வேண்டும். எண்ணெய் நுண்துளியாகச் சிதறாமல் ஒழுகுவது பிளக்கை அரிக்கும் காரணங்களுள் ஒன்றாகும். ஹீட்டர் பிளக் உள்ள பொறியில் ஈதர் தெளித்துக் கிளப்ப முயல்வது ஆபத்தானது. பழுத்த கம்பியில் பட்டு அது முன்னதாகவே வெடித்துப் பிஸ்டனை உடைக்கக்கூடும்.

பிளக்குகள் யாவும் நன்றாக இருந்தும் வெண்புகை தொடர்ந்தால், அமுக்க அழுத்தத்தை அளந்து பார்ப்பதே வழி. அமுக்கம் குறைந்த பொறிக்கு ஹீட்டர் பிளக் ஊன்றுகோலாகலாம், காலாக முடியாது.

தமிழகத்தில்

டீசல் வாழ்ந்த இறுதி ஆண்டுகளை ஒட்டியே மதுரையில் டி. வி. சுந்தரம் அய்யங்கார் பேருந்துத் தொழிலைத் தொடங்கினார். அக்காலப் பேருந்துகள் பெட்ரோலில் ஓடின. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாடு ஏற்பட்டதால், கரியிலிருந்து எரிவாயு உண்டாக்கும் கலனை அவரது நிறுவனம் தயாரித்தது. விடுதலைக்குப் பின் டீசல் வாகன உற்பத்தி நாட்டில் வேரூன்றியது. 1954 இல் டெல்கோ நிறுவனம் டெய்ம்லர் பென்ஸ் நிறுவனத்துடன் இணைந்து ஜாம்ஷெட்பூரில் சரக்குந்துகளை உருவாக்கத் தொடங்கியது. லோரஞ்சின் முன்னறை வழிவந்த பொறியே அவற்றில் இருந்தது. சென்னை எண்ணூரில் அசோக் லேலண்டு டீசல் பேருந்துகளுக்கான அடிச்சட்டங்களைத் தயாரித்தது.

மதுரையை அடுத்த பரவை போன்ற சமவெளி ஊர்களில் மார்கழி இரவிலும் வெப்பநிலை பொதுவாக 20 பாகையை ஒட்டியே இருக்கும். அங்கு நான்கு ஹீட்டர் பிளக்குகளில் ஒன்றிரண்டு அறுந்தாலும் வண்டி சற்றே புகைந்து கிளம்பிவிடும். பழுது பல மாதங்கள் தெரியாமலே இருக்கும். அதே வண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலில் ஓர் இரவு நின்றால் நிலைமை மாறும். அங்கு குளிர்கால இரவு வெப்பநிலை 10 பாகைக்கும் கீழ் இறங்கும். காற்றும் சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. குறைந்த காற்று, குறைந்த வெப்பம் என இரண்டும் சேர்வதால் வண்டி கிளம்பாது. பழுது மலையில் ஏற்பட்டதன்று. சமவெளியிலேயே இருந்து, மலையில் வெளிப்பட்டதாகும். ஆதலால் மலைப்பயணத்துக்கு முன் பழைய டீசல் வண்டிகளின் பிளக்குகளைச் சோதிப்பது நலம்.

கிராமப்புறங்களில் ஆயில் இன்ஜின் என வழங்கும் பாசனப் பொறிகளில் ஹீட்டர் பிளக் இருப்பதில்லை. அவற்றில் எண்ணெய் நேரடியாக உருளைக்குள் பீய்ச்சப்படுவதால் வெப்ப இழப்பு குறைவு. வால்வைத் திறந்து வைக்கும் நெம்புகோலைத் தூக்கிவிட்டு, கைப்பிடியால் வேகமாகச் சுழற்றி, வேகம் கூடியதும் நெம்புகோலை விடுவார்கள். சுழல்சக்கரத்தின் உந்தத்தால் காற்று சட்டென அமுங்கிப் பற்றிக்கொள்ளும். மலாய் நாட்டுத் தீக்குழலின் செயலும் இதுவே.

மதிப்பீடு

பனிக்கட்டி ஆலையில் பணிபுரிந்தவர் உருவாக்கிய பொறிக்குக் குளிரே பகையாக அமைந்தது. தம் பொறி மகிழுந்தை ஓட்டுவதையோ, அதைக் கிளப்ப ஒரு சிறு மின்கம்பி போதும் என்பதையோ டீசல் காணவில்லை. சிறு தொழில் செய்வோர் கையில் சிறு பொறி என்ற அவரது கனவை, 1933 இல் சிறிய டீசல் பொறியை உருவாக்கிய ஜப்பானின் யான்மார் நிறுவனம் போன்றவை நனவாக்கின. அதன் நிறுவனர் மகோகிச்சி யமாவோகா அளித்த கற்களைக் கொண்டு ஆக்ஸ்பர்க் பூங்காவில் 1957 இல் டீசலுக்கு நினைவிடம் அமைக்கப்பட்டது.

டீசல் பொறியின் புகை நலத்துக்குக் கேடானது என்பது பின்னர் உறுதியானது. 2012 இல் உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதனைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் பாரத் நிலை 6 புகை விதிகள் நடைமுறைக்கு வந்தன. பழைய வண்டியின் காலைப் புகையைச் சரிசெய்வது எண்ணெய்ச் சிக்கனத்துக்காக மட்டுமன்று. அருகில் நின்று மூச்சு விடுவோரின் நலத்துக்காகவும் ஆகும். எரிபொருளில் ஒரு துளியும் வீணாகக் கூடாது என்பதே டீசல் மாணவப் பருவத்தில் மேற்கொண்ட குறிக்கோள் என்பது நினைவுகூரத்தக்கது.